கல்லுத்தூசியும் நெஞ்சும்: வாசகர் கேள்வி பதில்

குவாரி, கிரஷர், சுரங்கம்னு தூசிக்குள்ள வேலை பார்க்குறவங்க தங்களோட சந்தேகத்தை எழுதி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். நிறைய வந்திருக்கு, ஒரே மாதிரி கேள்வியை எல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன். ஊர் மட்டும் போட்டிருக்கேன், பேரை எடுத்துட்டேன், ஏன்னா சிலர் இன்னமும் அதே இடத்துல தான் வேலையில இருக்காங்க.

கேள்வி: ஐயா வணக்கம், நான் 11 வருஷமா குவாரியில பாறையில துளை போடுற ஜாக்ஹேமர் ஓட்டுறேன். மூக்குல துண்டை ரெண்டு சுத்து சுத்தி கட்டிக்குவேன், வெயில் நேரத்துல துண்டை நனைச்சு கட்டிக்குவேன். மேஸ்திரி ஆஸ்பத்திரியில போடுற நீல மாஸ்க் கொடுக்குறாரு. இது போதுமா? சாயங்காலம் துண்டை உதறினா அவ்ளோ தூசி கொட்டுது, அப்ப துண்டு தடுக்குதுன்னு தானே அர்த்தம்?
ஓட்டுநர், கிருஷ்ணகிரி பக்கம்

பதில்: தம்பி, துண்டுல கொட்டுற தூசி உங்களை ஒண்ணும் பண்ணாத தூசி. அது பெருசு, கண்ணுக்கு தெரியும், மூக்கு மயிருலயும் தொண்டை சளியிலயும் மாட்டிக்கும், காறித் துப்பினா வெளிய வந்துடும். ஆளைக் கொல்றது கண்ணுக்கு தெரியாத தூசி. தலைமுடி ஒண்ணு சுமார் 70 மைக்ரான் தடிமன் இருக்கும்னு வச்சுக்கங்க, நுரையீரலோட அடி வரைக்கும் போற தூசி 5 மைக்ரானுக்கும் கீழ. துண்டோட நூல் இடைவெளி அதுக்கு திறந்து விட்ட கேட்டு மாதிரி. அந்த சின்ன தூசி கீழ விழாம மணிக்கணக்கா காத்துல மிதந்துக்கிட்டே இருக்கும், மெஷினை ஆஃப் பண்ணிட்டு நீங்க டீ குடிக்க உட்கார்ற நேரத்துலயும் உள்ள போய்க்கிட்டு தான் இருக்கும்.

நனைச்ச துண்டும் அதே கதை தான், கூடவே மூச்சு வாங்க கஷ்டமா இருக்குறதால பத்து நிமிஷத்துல கழுத்துக்கு இறக்கி விட்டுடுவீங்க, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க. நீல மாஸ்க் உங்க எச்சில் அடுத்தவங்க மேல படாம இருக்க செஞ்சது, ரெண்டு பக்கமும் காத்து தாராளமா உள்ள வரும்.

நீங்க துளை போடுற கிரானைட்டுல கால்வாசி, சில இடத்துல அதுக்கும் மேல, குவார்ட்ஸ் இருக்கு. அதாவது சிலிக்கா. மண்ணுத்தூசி, மரத்தூசி மாதிரி இல்ல இது. நுரையீரலுக்குள்ள குப்பையை முழுங்கி சுத்தம் பண்ற செல்லு உண்டு, அது இந்த சிலிக்காத் துகளை முழுங்கினா அதுவே செத்துப்போகும், செத்ததும் உள்ள இருந்த துகள் வெளிய வரும், அதை அடுத்த செல்லு வந்து முழுங்கும், அதுவும் சாகும். இப்படி நடக்க நடக்க அந்த இடமெல்லாம் தழும்பு ஆகுது. அந்த தழும்பு தான் சிலிக்கோசிஸ். தழும்பை திருப்பி நுரையீரலா மாத்துற மருந்து இதுவரைக்கும் கிடையாது.

அப்ப என்ன தான் வழின்னு கேட்டா, மாஸ்க்கை பத்தி பேசுறதுக்கு முன்னாடி தண்ணியை பத்தி பேசணும். ஜாக்ஹேமர் ராடுக்கு நடுவுல ஓட்டை இருக்கும், இப்ப அது வழியா வெறும் காத்து தான் போய் தூசியை மேல ஊதித் தள்ளுது, அதே வழியா தண்ணியை விட்டா தூசி துளைக்குள்ளயே சேறாகி வழிஞ்சு வரும். அதுக்குன்னு தண்ணி டேங்க், ஓஸ், ஹேமருக்கு ஒரு கனெக்‌ஷன், இவ்ளோ தான் சாமான், டேங்குக்கு பிரஷர் கம்ப்ரசர்லேருந்தே எடுத்துக்கலாம். இது ஏதோ நேத்து கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல, அமெரிக்காவுல லெய்னர்ங்கிறவர் 1890கள்லயே தண்ணி விட்டு துளைக்கிற டிரில்லை செஞ்சாச்சு. நூத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆன டெக்னிக்கை இன்னிக்கும் "செலவாகும்யா"ன்னு தள்ளி வைக்கிறாங்கன்னா அதுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு எனக்கு தெரியல.

டேங்க் வர்ற வரைக்கும் உங்க கையில இருக்கிறதை பண்ணுங்க. துளை போடுற இடத்தை முன்னாடியே நல்லா நனைச்சுடுங்க. காத்து எந்தப் பக்கமிருந்து அடிக்குதோ அந்தப் பக்கம் நில்லுங்க, தூசி உங்களை விட்டு தள்ளி போகணும். துளை முடிஞ்சதும் காத்தை விட்டு ஓட்டையை ஊதி சுத்தம் பண்ணுவீங்களே, அது தான் நாள்லயே மோசமான நிமிஷம், அப்ப குனிஞ்சு எட்டிப் பார்க்கவே கூடாது. வெடி வச்சப்புறம் புகையும் தூசியும் அடங்குறதுக்கு முன்னாடி ஓடிப்போய் கல்லு பார்க்குறதும் வேணாம்.

கேள்வி: கரூர் பக்கம் சின்னதா ஒரு கிரஷர் வச்சிருக்கேன் சார், 14 பேர் வேலை செய்றாங்க. மாசு கட்டுப்பாட்டு வாரியத்துல ஸ்பிரிங்க்ளர் போடு போடுன்னு சொல்றாங்க, போட்டா சல்லடை அடைச்சுக்குது, எம் சாண்ட் ஈரமா போய் பார்ட்டி சண்டை போடுறான். எல்லாரும் முதலாளியை திட்டுறீங்க, எங்க கஷ்டத்தையும் கொஞ்சம் எழுதுங்க.

பதில்: எழுதுறேன் சார், உங்க கஷ்டம் உண்மை தான். ஆனா தப்பு தண்ணியில இல்ல, தண்ணியை விடுற இடத்துல இருக்கு. நான் பார்த்த நிறைய கிரஷர்ல தோட்டத்துக்கு போடுற ஸ்பிரிங்க்ளரை கொண்டுவந்து சல்லடைக்கு மேலயே மாட்டி வச்சிருப்பாங்க. பெரிய சொட்டு விழுந்தா காத்துல மிதக்குற சின்ன தூசி அந்த சொட்டை சுத்தி விலகிப் போயிடும், ஒட்டாது. தூசி எவ்வளவு சின்னதோ கிட்டத்தட்ட அந்த சைஸ்ல தண்ணியும் இருந்தா தான் பிடிக்கும், அதனால காத்துல பறக்குறதைப் பிடிக்க புகை மாதிரி அடிக்கிற சின்ன நாசில் வேணும். போர் தண்ணி உப்பாவும் மண்ணாவும் இருந்தா நாசில் ஒரு வாரத்துல அடைச்சுடும், லைன்ல ஒரு ஃபில்டர் போட்டே ஆகணும், இதைப் போடாம "நாசில் வேஸ்ட்டு சார்"னு கழட்டி வச்சவங்களை நிறைய பார்த்திருக்கேன்.

தண்ணியை முன்னாடி விடுங்க. டிப்பர் கல்லு கொட்டுற ஹாப்பர்ல, ஜா கிரஷர் வாயில, கல்லு உடையுறதுக்கு முன்னாடியே நனைச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது, அங்க பெரிய சொட்டா இருந்தாலும் பரவால்ல. அதுக்கப்புறம் ஒரு பெல்ட்லேருந்து இன்னொரு பெல்ட்டுக்கு விழுற இடம் ஒவ்வொண்ணுலயும் கொஞ்சமா அடிங்க, அந்த இடத்துல கல்லு விழுற உயரத்தையும் குறைங்க. பத்தடி உயரத்துலேருந்து கொட்டுறதுக்கும் மூணடியிலேருந்து கொட்டுறதுக்கும் தூசியில எவ்வளவு வித்தியாசம்னு நீங்களே நின்னு பாருங்க. கடைசி பெல்ட்டுல ஒரு குழாய் மாதிரி ஷூட் தொங்க விட்டா குவியல் மேல மெதுவா இறங்கும்.

சல்லடைக்கு தண்ணியே வேணாம். அதை தகரம் போட்டு நாலு பக்கமும் மேலயும் மூடிடுங்க, ஆள் போய் வர்ற இடத்துல பழைய பெல்ட் ரப்பரை கீத்து கீத்தா தொங்க விடுங்க, வசதி இருந்தா உள்ளேருந்து ஃபேன் வச்சு தூசியை உறிஞ்சி பேக் ஃபில்டர்ல பிடிங்க. மூடுன டப்பாவுக்குள்ள உறிஞ்சினா தான் அது வேலை செய்யும், திறந்த வெளியில ஃபேன் வச்சு உறிஞ்சுறேன்னா கரண்ட் பில்லு தான் ஏறும். பேக்ல பிடிச்ச பவுடரை திரும்ப காஞ்ச மேனிக்கு மைதானத்துல கொட்டிடாதீங்க சார், அது தான் இருக்குறதுலயே மெல்லிசான தூசி, அவ்வளவு செலவு பண்ணி பிடிச்சுட்டு காத்துல விட்ட கதையா போகும்.

ஆபரேட்டருக்கு ஒரு கேபின் கட்டிக் கொடுங்க, கண்ணாடி ஜன்னல், கதவுக்கு ரப்பர், சின்னதா ஒரு ஏசி. ஆளும் வெயில்ல காய மாட்டார், தூசியும் போகாது. ரோட்டுல டிப்பர் கிளப்புற தூசிக்கு டேங்கர் தண்ணி. உங்களுக்கு தெரிஞ்சிருக்கும், கிரஷருக்கு வச்சிருக்குற அளவு மெஷின்லேருந்து 3 மீட்டருக்கும் 10 மீட்டருக்கும் நடுவுல அளந்தா ஒரு கன மீட்டர் காத்துல 600 மைக்ரோகிராமுக்கு மேல தூசி இருக்கக் கூடாதுன்னு. ஆனா அது மொத்த தூசிக்கான கணக்கு, ஊருக்குள்ள புழுதி போகாம இருக்க வச்ச கணக்கு. அமெரிக்காவுல சுரங்கத் தொழிலாளி சுவாசிக்கிற காத்துல சிலிக்கா மட்டும் 50 மைக்ரோகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு 2024ல விதி போட்டாங்க. ரெண்டையும் ஒண்ணா நினைச்சு "நம்ம கிரஷர் பாஸ் ஆயிடுச்சு, ஆளுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு இருந்துடாதீங்க.

கேள்வி: ஐயா என் வீட்டுக்காரர் 16 வருஷம் கல்லுடைக்கிற வேலை. ரெண்டு வருஷமா இருமல், மாடிப்படி ஏற முடியல, உடம்பு இளைச்சுட்டார். டிபின்னு சொல்லி ஆறு மாசம் மாத்திரை கொடுத்தாங்க, முடிச்சோம், மறுபடியும் அதே இருமல், திரும்ப படம் எடுத்துட்டு டிபி போகலன்னு இன்னொரு தடவை மாத்திரை. சளியில கிருமி இல்லன்னு தான் ரிப்போர்ட் வருது. பயமா இருக்கு.
மேலூர் பக்கம்

பதில்: அம்மா, நான் டாக்டர் இல்ல, சுரங்கத்துல பாதுகாப்பு வேலை பார்த்தவன், அதனால இது தான் நோய்னு நான் சொல்லக் கூடாது. ஆனா நீங்க எழுதியிருக்குற கதையை நான் நிறைய வீட்டுல கேட்டிருக்கேன். சிலிக்கோசிஸ் வந்த நெஞ்சோட எக்ஸ்ரேவும் டிபி எக்ஸ்ரேவும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், ரெண்டும் பெரும்பாலும் நெஞ்சோட மேல் பக்கத்துல தான் தெரியும். "என்ன வேலை பார்த்தீங்க"ன்னு யாரும் கேட்கலன்னா டிபின்னு தான் எழுதுவாங்க. கேட்டாலும் நம்ம ஆளுங்க "கூலி வேலைங்க"ன்னு சொல்லிட்டு வந்துடுறாங்க!

அடுத்த தடவை போகும்போது ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. எந்த வருஷத்துலேருந்து எந்த வருஷம் வரை, எந்த ஊர்ல, என்ன கல்லு, ஜாக்ஹேமரா சம்மட்டியா கிரஷரா, தண்ணி விட்டாங்களா இல்லையா, கூட வேலை பார்த்தவங்கள்ல யாருக்காவது இதே மாதிரி இருமல் இருந்துச்சா, யாராவது சின்ன வயசுல செத்தாங்களா. பழைய எக்ஸ்ரே எல்லாத்தையும் சேர்த்து எடுத்துட்டு போங்க, ஒண்ணைக் கூட தூக்கிப் போடாதீங்க, மூணு நாலு வருஷத்து படத்தை வரிசையா வச்சு பார்த்தா தான் டாக்டருக்கு புரியும். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில நெஞ்சு நோய் பிரிவுக்கு போங்க, சிலிக்கோசிஸா இருக்குமான்னு வாய் விட்டுக் கேளுங்க. ஊதச் சொல்லி மூச்சோட அளவு பார்க்குற ஸ்பைரோமெட்ரி டெஸ்ட்டும், தேவைப்பட்டா சி.டி. ஸ்கேனும் எடுப்பாங்க.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு, அதையும் சொல்லிடறேன். ரெண்டும் ஒண்ணா இருக்கவும் வாய்ப்பு உண்டு. சிலிக்கா அடிச்ச நுரையீரலுக்கு டிபி கிருமியை எதிர்க்குற சக்தி குறைஞ்சு போகும், மத்தவங்களை விட இவங்களுக்கு டிபி வர்ற வாய்ப்பு பல மடங்கு ஜாஸ்தி. அதனால "இது தூசி நோய் தான், டிபி மாத்திரை எதுக்கு"ன்னு நீங்களா நிறுத்திடவே கூடாது. சளியை மைக்ராஸ்கோப்புல மட்டும் பார்க்காம, டிபி கிருமியோட மரபணுவைத் தேடுற சிபிநாட் இல்லன்னா ட்ரூநாட் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க, அரசு ஆஸ்பத்திரியில காசு கிடையாது.

மருந்து இல்லன்னா எதுக்கு அலையணும்னு கேட்பீங்க. தூசிக்குள்ள திரும்ப போகாம இருந்தா மோசமாகுற வேகம் குறைய வாய்ப்பு இருக்கு, ஆனா வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம், அதனால வருஷா வருஷம் பார்த்துக்கிட்டே இருக்கணும். பீடி இருந்தா இன்னிக்கே நிறுத்தணும். இன்ஃப்ளூயன்ஸா, நிமோனியா தடுப்பூசி போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. அப்புறம் ரிப்போர்ட்ல சிலிக்கோசிஸ்னு அந்த ஒரு வார்த்தை எழுதி வாங்குறது நஷ்ட ஈட்டுக்கு ரொம்ப முக்கியம், கீழ வேற ஒரு கேள்வியில அதை விவரமா எழுதியிருக்கேன்.

கேள்வி: எங்க சைட்டுல தினமும் சாயங்காலம் ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் வெல்லமும் தர்றாங்க, சாப்பிட்டா உள்ள போன தூசியெல்லாம் வெளிய வந்துடும்னு. நிஜமா?
நாமக்கல்

பதில்: பழம் வயித்துக்கு போகுது, தூசி நுரையீரலுக்கு போகுது, ரெண்டுக்கும் வேற வேற குழாய். மலச்சிக்கல் இல்லாம இருக்கும், அது நல்லது தான், சாப்பிடுங்க. வெல்லத்தை பத்தி லக்னோவுல எலிங்களை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 1994ல எழுதியிருந்தாங்க, வெல்லம் கொடுத்த எலி நுரையீரல்லேருந்து தூசி கொஞ்சம் சீக்கிரமா நகர்ந்துச்சுன்னு. எலிக்கு பண்ணினது மனுஷனை சிலிக்கோசிஸ்லேருந்து காப்பாத்தும்னு ஆயிடாது. என் கோபம் வெல்லத்து மேல இல்ல, வெல்லத்துக்கு கணக்கு எழுதிட்டு தண்ணி டேங்க் வாங்காம இருக்காங்களே அது மேல. இதே கேள்வியில ரெண்டு பேர் சரக்கு அடிச்சா தூசி அறுத்துக்கிட்டு போயிடுமான்னு கேட்டிருக்காங்க. போகாது. கூலி தான் போகும்.

கேள்வி: எங்க தாத்தா கோலார் தங்கச் சுரங்கத்துல சாம்பியன் ரீஃப்ல வேலை பார்த்தவர், 52 வயசுல மூச்சு இழுத்து இழுத்து இறந்ததா பாட்டி சொல்லுவாங்க. அந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்கும் தெரியாதா?
ராபர்ட்சன்பேட்டையிலேருந்து பெங்களூர் வந்த பேத்தி

பதில்: தெரியும்மா. நல்லாவே தெரியும். இந்தியாவுல சிலிக்கோசிஸ் இருக்குன்னு முதல்ல பதிவானதே உங்க ஊர்ல தான், 1934ல. கோலார்ல தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறைக்குள்ள, அதாவது தங்கத்தை எடுக்கணும்னா சிலிக்காவை உடைச்சே ஆகணும். வட ஆற்காடு, சேலம் பக்கத்துலேருந்தெல்லாம் குடும்பம் குடும்பமா போன தமிழ் ஆளுங்க, அதுல தலித் மக்கள் பெரும்பகுதி, அவங்க தான் கீழ இறங்கினாங்க. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல ஆழம் போச்சு, அங்க பாறையே சுடும், அந்த சூட்டுல மூச்சு வாங்க வாங்க துளை போடுறவனுக்கு எவ்வளவு தூசி உள்ள போயிருக்கும்னு யோசிச்சு பாருங்க.

1940லேருந்து 46 வரைக்கும் ஏழாயிரத்துக்கும் மேல தொழிலாளிங்களை எக்ஸ்ரே எடுத்து பார்த்தாங்க, நூத்துக்கு நாப்பது பேருக்கு மேல சிலிக்கோசிஸ். அதே 1940ல மைசூர் சமஸ்தானம் சிலிக்கோசிஸுக்குன்னு தனி விதிமுறையே போட்டுச்சு, நாட்டுலயே இதுல முன்னோடி. நஷ்ட ஈடுன்னு ஒரு ஏற்பாடு வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடி ஐம்பது வருஷம் இறங்கினவங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னு பார்த்தா, உங்க பாட்டி மாதிரி ஆளுங்க சொல்ற நினைவு தான் மிச்சம். முடிஞ்சா தாத்தாவோட பழைய பாஸ் புத்தகம், மைன்ஸ் ஆஸ்பத்திரி சீட்டு ஏதாவது வீட்டுல இருந்தா பத்திரமா ஸ்கேன் பண்ணி வைங்க.

சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28ல மூடினாங்க, தூசி மூடலை. ஆலையில அரைச்சு தங்கம் எடுத்துட்டு கொட்டின சயனைட் மண்ணு மலை மலையா இன்னிக்கும் தொழிலாளிங்க குடியிருக்குற லைன் வீடுங்க பக்கத்துல நிக்குது, காத்து காலத்துல அது பறந்து வீட்டு சோத்து வரைக்கும் வருது. அரைச்ச மண்ணுங்கிறதால ரொம்ப மெல்லிசு. செடி கொடி போட்டு அதை மூடி வைக்கிற வேலை ஒழுங்கா நடந்திருந்தா இன்னிக்கு அங்க இருக்குற பிள்ளைங்களாவது நிம்மதியா மூச்சு விடுவாங்க.

கேள்வி: எந்த மாஸ்க் வாங்கணும்? எத்தனை நாள் போடலாம்? துவைக்கலாமா? தாடி வச்சா ஆகாதுங்குறாங்களே, ஏன்?
(ஆறு பேர் கேட்டது)

பதில்: குறைஞ்சபட்சம் என்95 இல்லன்னா எஃப்எஃப்பி2. நம்ம நாட்டு மாஸ்க்குல ஐஎஸ் 9473ன்னு ஐஎஸ்ஐ குறியோட இருக்கும், பார்த்து வாங்குங்க, ரோட்டோரம் பத்து ரூபாய்க்கு விக்கிற என்95ல எழுத்து மட்டும் தான் என்95. காதுல மாட்டுறதை விட தலைக்குப் பின்னாடி ரெண்டு எலாஸ்டிக் போற மாதிரி இருக்குறது தான் முகத்துல இறுக்கமா உட்காரும். மூக்குக் கம்பியை ரெண்டு விரலால அழுத்தி வளைச்சுட்டு, ரெண்டு கையாலயும் மாஸ்க்கை மூடி மூச்சை விட்டுப் பாருங்க, ஓரத்துல காத்து கசிஞ்சா சரியா போடலன்னு அர்த்தம். தாடி இருந்தா அந்த ஓரம் தோல்ல ஒட்டவே ஒட்டாது, காத்து சுலபமான வழியைத் தான் தேடும், ஃபில்டர் வழியா ஏன் போகப் போகுது. நேர்த்திக்கடன், மதம்னு தாடி எடுக்க முடியாதவங்களுக்கு தலையோட மூடி பேட்டரி ஃபேன் வச்சு காத்து தர்ற ஹெல்மெட் மாடல் இருக்கு, விலை ஜாஸ்தி, முதலாளி தான் வாங்கித் தரணும்.

துவைக்கக் கூடாது, கம்ப்ரசர் காத்துல ஊதவும் கூடாது, ரெண்டுமே உள்ள இருக்குற ஃபில்டரை கெடுத்துடும். கடும் தூசியில ஒரு ஷிஃப்டுக்கு ஒண்ணு. மூச்சு இழுக்க கனமா தெரிஞ்சா, கிழிஞ்சா, நனைஞ்சா மாத்திடணும். தினமும் போடுறவங்களுக்கு ரப்பர்ல செஞ்ச பாதி முகம் மூடுற மாஸ்க், ரெண்டு பக்கமும் பி100 இல்லன்னா பி3ங்கிற தூசி ஃபில்டர் மாட்டுறது, கணக்கு பார்த்தா அது தான் லாபம், ரப்பரைக் கழுவிக்கலாம், ஃபில்டரை மட்டும் மாத்தலாம். பெயின்ட் அடிக்கிறவங்க போடுற கேஸ் கார்ட்ரிட்ஜை மட்டும் மாட்டிட்டு வராதீங்க, அது வாசனையை பிடிக்கும், தூசியை இல்ல.

இவ்வளவு எழுதிட்டேன்னு மாஸ்க் போட்டா போதும்னு நினைச்சுடாதீங்க. பாதி முகம் மூடுற மாஸ்க் சரியா போட்டா தூசியை பத்துல ஒரு பங்கா குறைக்கும்னு தான் கணக்கு வச்சுக்குறாங்க. தண்ணி இல்லாம உலர் டிரில் போடுற இடத்துல சிலிக்கா, விதிச்ச அளவை விட முப்பது மடங்கு இருந்தா, மாஸ்க் போட்டும் மூணு மடங்கு உள்ள போகுது. தண்ணி, மூடி வைக்கிறது, உறிஞ்சுறது, இதெல்லாம் பண்ணினப்புறம் மிச்சம் இருக்குறதுக்கு தான் மாஸ்க்.

கேள்வி: கம்பெனியில பேரே இல்ல, கான்ட்ராக்டர் மூலமா வேலை. நோய் வந்தா யார்கிட்ட போய் நிக்கிறது? எங்க கூட ஒடிசா, பீகார் பசங்களும் இருக்காங்க.
தருமபுரி மாவட்டம்

பதில்: முதல்ல எந்த ஆபீஸ்னு குழம்பாதீங்க. குவாரிக் குழியும் சட்டப்படி சுரங்கம் தான், திறந்த வெளியா இருந்தாலும். அதோட பாதுகாப்பை பார்க்குறது மத்திய அரசோட டிஜிஎம்எஸ், அதாவது சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்ககம், தலைமை தன்பாத்துல, சென்னையிலயும் ஆபீஸ் இருக்கு. தனியா இருக்குற கிரஷர் ஃபேக்டரியா பதிவாகியிருந்தா மாநில அரசோட தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். ஊருக்குள்ள தூசி வருதுன்னா மாசு கட்டுப்பாட்டு வாரியம். கனிமவளத்துறை லைசென்ஸ், ராயல்டி பார்க்குறவங்க, உங்க நெஞ்சு அவங்க ஃபைல்ல இல்ல. பாதிப் பேர் மனுவை தப்பான ஆபீஸ்ல கொடுத்துட்டு ஒரு வருஷத்தை தொலைக்கிறாங்க.

சிலிக்கோசிஸ் வந்தா அரசுக்கு தெரியப்படுத்தியே ஆகணும்னு இருக்குற நோய். 1952 சுரங்கச் சட்டத்துலேயே அது இருந்துச்சு, அதுக்கு பதிலா 2025 நவம்பர்ல நடைமுறைக்கு வந்த 2020 தொழில் பாதுகாப்பு சட்டத் தொகுப்போட பட்டியல்லயும் இருக்கு. நஷ்ட ஈட்டுக்கு 1923ல வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல தொழில் நோய் பட்டியல்ல இது இருந்துச்சு, இப்ப அதுக்கு பதிலா வந்த 2020 சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்புலயும் இருக்கு, கேஸை தொழிலாளர் துறையில துணை ஆணையர் மட்டத்துல விசாரிப்பாங்க. சுரங்கத்துல வேலைக்கு சேரும்போது ஒரு மெடிக்கல், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை நெஞ்சு எக்ஸ்ரேயோட மெடிக்கல், அதுக்கு ஃபாரம் 'O'ன்னு ஒரு சர்ட்டிஃபிகேட்டுன்னு சுரங்க விதிகள்ல ரொம்ப நாளா இருக்கு. உங்களுக்கு அப்படி ஒண்ணு எடுத்தாங்களான்னு கேளுங்க, எடுத்திருந்தா நகல் கேளுங்க.

ஆனா எல்லா கேஸும் கவுந்து போறது ஒரே இடத்துல, "இந்த ஆள் எங்ககிட்ட வேலை பார்க்கவே இல்ல"ன்னு முதலாளி சொல்ற இடத்துல. அதனால ஆதாரத்தை இப்பவே, உடம்பு நல்லா இருக்கும்போதே சேருங்க. சம்பளம் ஜிபேல வந்தா அந்த ஸ்டேட்மென்ட், கையில வந்தா தேதி போட்டு ஒரு நோட்டு, வேலை இடத்துல மெஷினோட எடுத்த போட்டோ, மேஸ்திரி வாட்ஸப்புல "நாளைக்கு ஷிஃப்டுக்கு வா"ன்னு போட்ட மெசேஜ், எதையும் அழிக்காதீங்க. கல் உடைக்கிறவங்க கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துல சேரலாம், அந்த அட்டையும் ஒரு சாட்சி. ஒடிசா பசங்க நோய் முத்தினதும் ஊருக்கு ரயில் ஏறிடுவாங்க, அங்க போய் செத்தா இங்க எந்த கணக்குலயும் வராது. அவங்களுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுக்க வச்சு, அந்தப் படத்தை அவங்க கையிலயே கொடுத்து அனுப்புங்க.

ராஜஸ்தான்ல 2019ல இதுக்குன்னு தனிக் கொள்கை கொண்டுவந்து, நோய் உறுதியானா 3 லட்சம், இறந்தா குடும்பத்துக்கு 2 லட்சம்னு அரசே கொடுக்குற மாதிரி பண்ணினாங்க, முதலாளி யாருன்னு நிரூபிக்கிற வரைக்கும் காத்திருக்க வேணாம். கிரானைட்டு ஏற்றுமதியில நாங்க தான் டாப்புன்னு பேசுற நம்ம மாநிலம் அதை எடுத்துப் பார்க்கலாம்.

கேள்வி: நெய்வேலியில அப்ரன்டிஸா சேரப் போறேன். நிலக்கரித் தூசி தான் ஆபத்துன்னு அம்மா பயப்படுறாங்க.

பதில்: நெய்வேலி பழுப்பு நிலக்கரியில ஏறக்குறைய பாதி தண்ணி, வெட்டுற இடத்துல மத்த நிலக்கரி அளவுக்கு பறக்காது, காஞ்சப்புறமும் பெல்ட் மாறுற இடத்துலயும் தான் பறக்கும். என்னைக் கேட்டா அதுக்கு மேல இருக்குற மணற்பாறையை கவனிக்கணும். கடலூர் மணற்பாறைன்னு சொல்லுவாங்க, மணல்னாலே சிலிக்கா தானே, நிலக்கரியைத் தொடுறதுக்கு முன்னாடி அதைத்தான் மலை மலையா வெட்டித் தள்ளுறாங்க. கேபின் கதவை சாத்தி வேலை பாருங்க, பெல்ட் பக்கம் போனா மாஸ்க். அம்மாவை தைரியமா இருக்கச் சொல்லுங்க.

கேள்வி: மாமல்லபுரத்துல சிலை செய்றோம். எங்க அப்பா காலம் முழுக்க உளி தான், ஒண்ணும் ஆகல. நாங்க கிரைண்டர் மெஷின் வச்சு செய்றோம், முப்பது வயசுல இருமுறோம். மெஷினை விட்டுட முடியாது, ஆர்டர் அவ்வளவு. என்ன பண்ண?

பதில்: உளி சில்லா உடைக்கும், கிரைண்டர் பிளேடு மாவா அரைக்கும், நுரையீரலுக்கு போறது அந்த மாவு. அதுவும் மூஞ்சிக்கு ஒரு அடி தூரத்துல வச்சு அரைக்கிறீங்க, நாள் முழுக்க, கொட்டகைக்குள்ள. குவாரியில வெட்டவெளியில நிக்கிறவனை விட உங்க நிலைமை மோசமாவும் இருக்கலாம். மெஷினை விட வேணாம். பெரிய வெட்டு எல்லாத்தையும் தண்ணி சொட்டு விட்டு போடுங்க, கரண்ட் மெஷின்ல தண்ணி ஆபத்து, அதனால காத்துல ஓடுற கிரைண்டர் இல்லன்னா தண்ணிக்குன்னே செஞ்ச மெஷின், லைன்ல கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற ஆர்சிசிபி ட்ரிப்பர் கண்டிப்பா. முகம், விரல்னு நுணுக்கமான இடத்துல தண்ணி விட்டா கோடு தெரியாதுன்னு சொல்லுவீங்க, அங்க பிளேடுக்கு மூடி போட்டு அதுல மெல்லிசு தூசியையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் வச்ச வாக்வம் குழாயை மாட்டுங்க, கூட ரப்பர் மாஸ்க். கொட்டகையை காஞ்ச துடைப்பத்தால பெருக்காதீங்க, தண்ணி தெளிச்சு தான். உடம்புல இருக்குற தூசியை கம்ப்ரசர் காத்துல ஊதிக்கிற பழக்கத்தை இன்னியோட விட்டுடுங்க, வேலைத் துணியோட வீட்டுக்குப் போய் பிள்ளையைத் தூக்காதீங்க.

சைடுல கிச்சன் மேடைக்கு வர்ற செயற்கை குவார்ட்ஸ் பலகையையும் வெட்டித் தர்றதா எழுதியிருக்கீங்க. அதை முதல்ல நிறுத்துங்க. கிரானைட்டுல கால்வாசின்னா அதுல பல ரகத்துல தொண்ணூறு சதவீதத்துக்கு மேல சிலிக்கா. சின்ன வயசு பசங்க சில வருஷத்துலயே நுரையீரல் போய் நின்னதைப் பார்த்துட்டு தான் ஆஸ்திரேலியாவுல 2024 ஜூலை 1லேருந்து அந்தப் பலகையையே தடை பண்ணிட்டாங்க. அந்த ஆர்டர் வந்தா வேணாம்னு சொல்லிடுங்க, உங்க பட்டறையில இருக்குற எல்லாரும் இந்த மாசத்துக்குள்ள ஒரு எக்ஸ்ரேவும் ஸ்பைரோமெட்ரியும் எடுத்துடுங்க, இருமல் இல்லாதவங்களும் சேர்த்து.